சுவரில் தொங்கும் பூங்கொத்து ஓவியம் எவ்வளவு பெறும்? எண்ணெய் ஓவிய மதிப்பீடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதிப்புக் கேட்டு வரும் மலர் ஓவியங்களில் பெரும்பாலானவை ஒரே சாயலில் இருக்கும். கருத்த பின்னணியில் கல்லாலான ஒரு ஜாடி, அதிலிருந்து பொங்கி வழியும் ரோஜா, பியோனி, துலிப் மலர்கள், மேசை விளிம்பில் உதிர்ந்து கிடக்கும் ஓரிரு இதழ்கள், சில வேளை ஒரு வண்ணத்துப்பூச்சி, வலது கீழ் மூலையில் ஒற்றைக் குடும்பப் பெயராக ஒரு கையொப்பம், சுற்றிலும் பொன்னிறத்தில் கனத்த பிரேம். அளவு ஏறத்தாழ 24க்கு 36 அங்குலம். அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு வீட்டைக் காலி செய்யும் விற்பனையில் வாங்கியிருப்பார்கள், அல்லது காரைக்குடிப் பழம்பொருள் கடையில் பேரம் பேசி எடுத்திருப்பார்கள். கீழுள்ள விடைகள் அனைத்தும் இத்தகைய ஓர் ஓவியத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை.

என் ஓவியம் எவ்வளவு பெறும்?

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொன்னால்தான் விடை சொல்ல முடியும். ஒரே ஓவியத்துக்கு ஒரே நாளில் குறைந்தது மூன்று மதிப்புகள் இருக்கும். தீப்பற்றி எரிந்துபோனால் அதே தரத்தில் வேறொன்றைக் கடையில் வாங்க ஆகும் தொகை காப்பீட்டுக்கான மாற்று மதிப்பு. வாங்க வேண்டிய கட்டாயமோ விற்க வேண்டிய கட்டாயமோ இல்லாத இருவர், விவரங்களை ஓரளவு அறிந்த நிலையில் ஒப்புக்கொள்ளும் விலை நியாயமான சந்தை மதிப்பு. வாரிசுச் சொத்துக்கும் நன்கொடைக்கும் அமெரிக்க வருமான வரித்துறை கேட்பது இதைத்தான். வீட்டை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும் என்னும்போது கிடைப்பது மூன்றாவது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே பல மடங்கு இடைவெளி இருப்பது வழக்கம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கடைக்காரரின் வாடகை, ஆள்கூலி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை ஆகியவற்றின் விலை அது.

மேலே சொன்ன சாயலில், ஓவியர் யாரென்று நிறுவ முடியாத 20ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்று அமெரிக்க உள்ளூர் ஏலங்களில் சில பத்து டாலர் முதல் சில நூறு டாலர் வரை போகும். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். ஆயினும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

“அலங்கார ஓவியம்” என்று சொல்வது மட்டமானது என்று சொல்வதற்குச் சமமா?

இல்லை. விலை எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் குறிக்கும் சொல் அது. ஓவியரின் பெயராலும் கலை வரலாற்றில் அவருக்குள்ள இடத்தாலும் விலை பெறும் படம் ஒரு வகை. அளவாலும் நிறத்தாலும் சுவருக்குப் பொருந்தும் தன்மையாலும் விலை பெறுவது இன்னொரு வகை. இரண்டாம் வகையைத்தான் வணிகத்தில் அலங்கார ஓவியம் என்கிறார்கள். சோபாவுக்கு மேலே சரியாகப் பொருந்தும் கிடைமட்டப் படம், அதே கையால் வரையப்பட்ட சிறிய நெடும்படத்தைவிட அதிகம் பெறுவது இதனால்தான். வெளிர் ரோஜா நிறமும் வெண்மையும் மிகுந்தவை எளிதில் விலைபோகும். பழுப்பேறிய, இருண்ட படங்கள் காத்துக் கிடக்கும்.

மலர் ஓவியம் பிறவியிலேயே அலங்காரத்தோடு உறவுடையது. பிரெஞ்சு ஓவியர் ழான் பாப்டிஸ்ட் மொன்வாயே (1636–1699) கதவுகளுக்கு மேலும் கணப்படுப்புகளுக்கு மேலும் பதிப்பதற்கென்றே மலர்களை வரைந்தார். வெர்சாய் அரண்மனைக்கு வரைந்த அவர், பின்னர் இலண்டன் சென்று மாண்டகு மாளிகைக்கும் வரைந்தார். அவரை யாரும் மட்டமானவர் என்று சொல்வதில்லை. ஆகவே அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனம் நோக வேண்டியதில்லை.

கையால் வரைந்ததா, அச்சிட்டதா என்பதை நானே கண்டறிய முடியுமா?

பெரும்பாலும் முடியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் நகைக்கடைக்காரர் லென்ஸ் ஒன்று போதும். இதழின் விளிம்பையும் கையொப்பத்தையும் அதன் வழியே பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சிறு புள்ளிகள் தெரிந்தாலோ, நான்கு நிறங்களின் பொடிப்பொடியான சிதறல் தெரிந்தாலோ அது அச்சு. தூரிகை மயிர்கள் இழுத்த கோடுகளும், ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஈரத்தோடு கலந்த தடமும் தெரிந்தால் கைவேலை.

தடவிப் பார்த்து மேடு பள்ளம் இருக்கிறது என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கேன்வாஸில் அச்சிட்டு, அதன் மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்து மேடு உண்டாக்கும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. அந்த மேடுகளும் கீழே உள்ள வரைவும் பொருந்தாமல் இருப்பதே அடையாளம்: இதழ் ஒரு பக்கம் வளைந்திருக்க, தூரிகைத் தடம் வேறு பக்கம் ஓடும். இந்தத் தந்திரம் புதிதும் அன்று. 19ஆம் நூற்றாண்டில் வண்ணக் கல்லச்சுப் படங்களுக்குக் கேன்வாஸ் போன்ற நெசவுத் தடம் பதித்து வார்னிஷ் பூசி எண்ணெய் ஓவியம் போலத் தோன்றச் செய்தார்கள். நம் வீடுகளின் பூசை அறைகளில் தொங்கிய இரவி வர்மாவின் ஓலியோகிராஃப் படங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கான அச்சகத்தை அவர் 1894இல் பம்பாயில் தொடங்கினார். ஐரோப்பாவில் அதே முறையில் பூங்கொத்துகளும் அச்சாயின.

படத்தின் பின்பக்கத்தையும் காட்டச் சொல்கிறார்களே, அங்கே என்ன இருக்கிறது?

முன்பக்கம் ஓவியர் காட்ட விரும்பியதைக் காட்டுகிறது. பின்பக்கத்தை அலங்கரிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. எனவே மதிப்பீட்டாளர் முதலில் படத்தைத் திருப்பி வைப்பார். நானும் அவ்வாறே செய்வேன். முன்பக்கத்தை முதலில் பார்த்துவிட்டால் ஆசை புத்தியை மறைத்துவிடும்.

முதலில் கேன்வாஸ் எதனால் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கேன்வாஸை இழுத்துப் பிடிக்கும் மரச் சட்டமான உட்சட்டத்தின் விளிம்பில் சிறிய இரும்பு ஆணிகள் துருப்பிடித்து வரிசையாக இருந்தால், படம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்ததாக இருக்கலாம். ஸ்டேப்ளர் பின்கள் இருந்தால் பெரும்பாலும் 1950க்குப் பிற்பட்டது. இதிலும் ஒரு கவனம் வேண்டும்: பழைய ஓவியத்தைப் பின்னாளில் கழற்றிப் புதிய உட்சட்டத்தில் மாட்டியிருக்கலாம். அப்போது கேன்வாஸின் மடிப்பில் பழைய ஆணித் துளைகள் பயனின்றித் தெரியும். புதிய ஆணிகளைப் பழைய படம்போல் காட்ட அடித்தவர்களும் உண்டு. துருவுக்குச் சுற்றிலும் துணியில் பழுப்புக் கறை ஊறியிருக்கிறதா என்பதே சோதனை.

அடுத்து உட்சட்டத்தின் மூலைகள். உள்மூலைகளில் சிறு மரஆப்புகள் செருகியிருந்தால், துணி தொய்யும்போது அவற்றைத் தட்டி இறுக்குவதற்கான ஏற்பாடு அது. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அது வழக்கத்தில் உள்ளது. ஆகவே ஆப்பு இருப்பதாலேயே பழமை உறுதியாகாது, ஆனால் ஆப்பே இல்லாமல் மூலைகளை மெல்லிய பலகையில் ஒட்டி அறைந்திருந்தால் மலிவான தயாரிப்பு என்று கொள்ளலாம். துணியின் பின்புறம் பளிச்சென்ற வெண்மையோடு, முன்புறப் பூச்சு விளிம்புவரை ஒரே சீராக இருந்தால், ஆலையில் தயாரான கேன்வாஸ். அக்ரிலிக் அடிப்பூச்சு 1950களின் நடுப்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. படம் துணியில் இல்லாமல், ஒருபுறம் வழவழப்பும் மறுபுறம் வலைத்தடமும் கொண்ட பழுப்பு அட்டைப் பலகையில் இருந்தால் அது மேசனைட் வகை. அது 1924இல் உருவாக்கப்பட்டது. அதில் வரைந்த படத்தை 19ஆம் நூற்றாண்டினது என்று யார் சொன்னாலும் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கடைசியாக ஒட்டுத்தாள்கள், முத்திரைகள், பென்சில் குறிப்புகள். அயல்நாடு ஒன்றின் பெயர் முத்திரையாகக் குத்தியிருந்தால், அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் அவை எந்த நாட்டில் உருவாயின என்று குறிக்கவேண்டும் என 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் விதித்ததை நினைத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலும் அதற்குப் பின் வந்த படம். பிரேம் கடைக்காரரின் முகவரியில் ஐந்து இலக்க அமெரிக்க ஜிப் எண் இருந்தால் 1963க்குப் பின். நம் ஊர்க் கடையின் தாளில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். “மெட்ராஸ்” என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1996க்கு முன். இவை பிரேம் போடப்பட்ட காலத்தையே சொல்கின்றன; ஓவியம் அதற்கு மூத்ததாக இருக்கலாம். ஒட்டுத்தாளைக் கிழித்தோ ஈரத்துணியால் துடைத்தோ “சுத்தப்படுத்தி” அனுப்புபவர்கள், படத்தின் பிறப்புச் சான்றிதழைக் குப்பையில் போட்டுவிட்டு வயதைக் கேட்கிறார்கள்.

பழைய டச்சு ஓவியம் போலவே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுப் படமாக இருக்க வாய்ப்பில்லையா?

வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் ஏன் என்று அறிந்துகொள்வது சுவையானது.

அம்ப்ரோசியஸ் போஷார்ட் (1573–1621), மூத்த யான் ப்ரூகல் (1568–1625) ஆகியோர் காலத்தில் மலர் ஓவியம் தனி வகையாக வளர்ந்தது. ரேச்சல் ரூயிஷ் (1664–1750), யான் வான் ஹுய்சம் (1682–1749) இருவரின் கையில் அது உச்சத்தைத் தொட்டது. அந்த ஜாடிகளில் இருக்கும் மலர்கள் ஒரே பருவத்தில் பூப்பவை அல்ல. வசந்தத்தில் பூக்கும் துலிப்பையும் கோடையில் பூக்கும் ரோஜாவையும் தனித்தனியே பார்த்து வரைந்து, ஒரே கொத்தாக்கினார்கள். வான் ஹுய்சம் தமக்கு வேண்டிய மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஓர் ஓவியத்தை முடிக்க முடியவில்லை என்று 1742இல் கடிதம் எழுதினார். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அவருடைய ஒரு படத்தில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகளும் குறிக்கப்பட்டுள்ளன. பூவுக்காக அடுத்த பருவம்வரை காத்திருந்த கை அது.

பின்னாளில் அலங்காரத்துக்காக அந்தப் பாணியைப் பின்பற்றியவர்கள் பூவைப் பார்த்து வரையவில்லை. படத்தைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். அதனால் இதழ்களின் எண்ணிக்கை இயற்கைக்குப் பொருந்தாது, காம்பு எந்தப் பூவுக்குச் செல்கிறது என்று தொடர்ந்து போனால் பாதியில் மறைந்துவிடும், இலை ரோஜாவுக்கும் பியோனிக்கும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தக் காம்புச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். அதற்குக் கருவியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். தோட்டம் வைத்திருக்கும் எந்த அம்மாவும் செய்துவிடுவார்.

நிறங்களும் காலத்தைச் சொல்லும். பழைய மலர் ஓவியங்கள் பலவற்றில் இலைகள் நீலமாகத் தெரியும். நீலத்தின் மேல் மெல்லிய மஞ்சள் சாயத்தைப் பூசிப் பச்சை உண்டாக்கினார்கள். தாவரச் சாயமான அந்த மஞ்சள் ஒளியில் வெளுத்துப்போக, நீலம் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் படத்தின் இலைகள் பளிச்சென்ற பச்சையில் இருந்தால், படம் பிற்காலத்தது என்பதற்கு அது ஒரு குறிப்பு. வண்ணப் பொருள்களுக்கும் பிறந்த ஆண்டு உண்டு: பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, செயற்கை அல்ட்ராமரைன் 1828இல், டைட்டேனியம் வெள்ளை ஏறத்தாழ 1920 வாக்கில், தாலோசயனின் நீலம் 1935இல். வெள்ளை ரோஜாவின் அடிப்பூச்சிலேயே டைட்டேனியம் இருந்தால் அது 20ஆம் நூற்றாண்டுப் படம்; பழுதுபார்க்கத் தொட்ட இடத்தில் மட்டும் இருந்தால் விசாரணை தொடர வேண்டும். இதற்கு ஆய்வகக் கருவி தேவைப்படும் என்பதால், மற்றச் சான்றுகள் அனைத்தும் சாதகமாக இருந்தால் மட்டுமே அந்தச் செலவில் இறங்கலாம்.

வெடிப்புகள் மட்டும் தெரிவதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். வெடிக்கச் செய்யும் வார்னிஷ் புட்டியில் விற்கிறது. உண்மையான முதுமை வெடிப்பு வண்ணப்படலத்தையும் அடிப்பூச்சையும் சேர்த்துப் பிளந்திருக்கும். பூசிய வெடிப்பு மேல் வார்னிஷோடு நின்றுவிடும்.

கையொப்பம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் ஓவியர் யாரும் கிடைக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் அப்படி ஓர் ஆள் இல்லாததால்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் புறநகர் வீடுகள் பெருகின. புதிய வரவேற்பறைகளின் வெற்றுச் சுவர்களுக்குப் படங்கள் தேவைப்பட்டன. ஐரோப்பாவிலும் ஹாங்காங்கிலும் இருந்த பட்டறைகள் அவற்றை வரைந்து தள்ளின. அறைகலன் கடைகளிலும் ஹோட்டல் அரங்குகளில் வார இறுதியில் நடந்த மலிவு விற்பனைகளிலும் அவை விற்றன. வாங்குபவருக்கு ஐரோப்பியப் பெயர் பிடிக்கும் என்பதால் ஒரு பெயரைக் கற்பித்து, அதையே பலரும் இட்டார்கள். ஒருவர் பின்னணி, ஒருவர் ஜாடி, ஒருவர் மலர் என்று பிரித்துக்கொண்டு வரைந்த படங்களும் உண்டு. சீனாவின் ஷென்ஜென் நகரை ஒட்டிய டாஃபென் கிராமம் இந்தத் தொழிலின் பிற்காலத் தலைநகர். ஹாங்காங்கிலிருந்து வந்த ஓவிய வணிகர் ஒருவர் 1989இல் அங்கே தொடங்கிய பட்டறையிலிருந்து அது வளர்ந்தது.

கையொப்பத்தை லென்ஸில் பாருங்கள். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே இட்ட கையொப்பம் கீழுள்ள படலத்தோடு கலந்திருக்கும். வெடிப்பும் அதனூடே ஓடும். வெடிப்புக்குள் மையாகக் கசிந்து இறங்கியிருந்தால் பின்னாளில் யாரோ இட்டது. புற ஊதா விளக்கின் கீழ் பழைய பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும். வார்னிஷுக்கு மேல் சேர்த்த கையொப்பமும் பிற்காலத் திருத்தங்களும் கருந்திட்டாகத் தெரியும். 365 நானோமீட்டர் என்று குறித்த கைவிளக்கு இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. இருட்டறையில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிந்துகொண்டு பாருங்கள்.

பெயர் உண்மையான டச்சுப் பெயராக இருக்கும் என்று ஐயம் எழுந்தால், ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்துக் கலை வரலாற்று நிறுவனம், அதாவது ஆர்.கே.டி., ஓவியர் பெயர்களையும் படங்களையும் இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. அங்கே தேடுங்கள்.

ஏலப் பட்டியலில் “இன்னாரின் வட்டம்”, “இன்னாரின் பாணி” என்றெல்லாம் எழுதுகிறார்களே?

அவை அலங்காரச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் விலையை ஒரு படி கீழே இறக்கும் சொல். பட்டியலில் முழுப் பெயரும் அடைமொழியின்றி இருந்தால், அது அவருடைய படைப்பே என்று ஏல நிறுவனம் கருதுகிறது. “அவருடையதாகக் கொள்ளப்படுவது” என்றால் அநேகமாக அவருடையது, உறுதியில்லை. “பட்டறை” என்றால் அவருடைய கூடத்தில், அவர் கண்பார்வையில் வேறொருவர் வரைந்தது. “வட்டம்” என்றால் அவர் காலத்தவர், அவருடைய தாக்கம் உள்ளவர். “பின்பற்றியவர்” என்றால் அவரைப் போல வரைந்தவர், மாணவராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. “பாணியில்” என்று வந்துவிட்டால் நூறு, இருநூறு ஆண்டு கழித்தும் வரைந்திருக்கலாம். “அவரைப் பார்த்து” என்றால் அறிந்த ஒரு படத்தின் நகல்.

இன்னொரு நுட்பம்: “கையொப்பமிட்டது” என்பதும் “கையொப்பம் உள்ளது” என்பதும் ஒன்றல்ல. முதலாவது, ஓவியரே இட்டது என்ற கருத்து. இரண்டாவது, பெயர் எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற கைகழுவல். இணையத்தில் ஒரு விலையைப் பார்த்து உங்கள் படத்துக்கும் அதே விலை என்று கணக்குப் போடும் முன் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்.

நூறு ஆண்டுக்கு மேல் பழையது என்று உறுதியானால் விலை ஏறுமா?

வயதால் மட்டும் ஏறாது. 19ஆம் நூற்றாண்டில் பொழுதுபோக்காக மலர் வரைந்தவர்கள் ஏராளம்; 1841இல் மடக்கு ட்யூப் வண்ணம் வந்தபின் அது இன்னும் எளிதாயிற்று. அந்தப் படங்கள் பழையவைதாம், அரியவை அல்ல.

பெயர் உறுதியானால் கதை மாறும். ஹென்றி ஃபாந்தேன் லத்தூர் (1836–1904) வரைந்த ரோஜாக்கள் அவர் காலத்தில் பெரும்பாலும் இங்கிலாந்தில் விற்றன; அதனால் ஆங்கிலேய வீடுகளின் மாடியறையிலிருந்து அவர் படம் வெளிவந்தால் வியப்பில்லை. உச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால், வான் கோவின் சூரியகாந்திப் படம் ஒன்றை 1987 மார்ச் 30 அன்று இலண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஜப்பானின் யசுதா காப்பீட்டு நிறுவனம் 2.475 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதுவும் ஜாடியில் உள்ள பூதான் என்று வாதிடும் கடிதங்கள் வருவதுண்டு.

படம் யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறு எனக்குத் தெரியாது. அது தேவையா?

விலை குறைந்த அலங்காரப் படத்துக்குப் பெரிதாகத் தேவையில்லை. வாங்கிய ரசீதும் நாளும் போதும். படம் உண்மையிலேயே பழையது என்ற ஐயம் எழுந்தால் அதுவே முதல் கேள்வியாகிவிடும். வான் ஹுய்சமின் பூச்சாடி ஓவியம் ஒன்றை இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படையினர் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து எடுத்துச் சென்றனர்; பல பத்தாண்டுகள் ஒரு ஜெர்மானியக் குடும்பத்திடம் இருந்த அது 2019இல்தான் பிட்டி அரண்மனைக்குத் திரும்பியது. ஆகவே தாத்தா யாரிடம், எந்த ஊரில் வாங்கினார் என்பதை வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, தாளில் எழுதி, படத்தின் பின்னால் ஒட்டாமல் தனிக் கோப்பில் வையுங்கள்.

பிரேம் மிக அழகாக இருக்கிறது. அதற்கு மதிப்பு உண்டா?

உண்டு, சில வேளை படத்தைவிட அதிகமாகவே. மரத்தில் செதுக்கி, சுண்ணப் பூச்சின் மேல் செந்நிறக் களிமண் இட்டு, அதன் மேல் பொன் தகடு ஒட்டிய பிரேமாக இருந்தால் தேய்ந்த இடங்களில் சிவப்பு எட்டிப் பார்க்கும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகளும் சம இடைவெளியில் தெரியும். வெண்கலப் பொடியைக் கலந்து பூசியதாக இருந்தால் காலப்போக்கில் பழுப்பாகவோ பச்சையாகவோ மங்கியிருக்கும். பிளாஸ்டிக்கில் வார்த்ததாக இருந்தால், தட்டினாலே தெரிந்துவிடும்.

தூசியும் புகையும் படிந்திருக்கிறது. சுத்தம் செய்துவிட்டு மதிப்பிடலாமா?

வேண்டாம். உருளைக்கிழங்கை அரிந்து தேய்ப்பது, ரொட்டியால் துடைப்பது, தேங்காய் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவது, ஈரத்துணியால் வழிப்பது ஆகிய கைவைத்தியங்கள் அனைத்தும் படத்தைக் கெடுப்பவை. மாவுச்சத்தும் எண்ணெயும் வெடிப்புகளுக்குள் புகுந்து தங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அங்கே பூஞ்சணம் பூக்கும். ஈரம் அடிப்பூச்சில் உள்ள பசையை ஊறவைத்து வண்ணத்தைச் செதில் செதிலாக உதிர்க்கும். மிக மென்மையான உலர்ந்த தூரிகையால், வண்ணம் உதிராத இடங்களில் மட்டும் தூசியைத் தட்டலாம். அதற்கு மேல் எதுவும் பயிற்சி பெற்ற ஓவியப் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. வார்னிஷ் மஞ்சளாகியிருப்பது குறை அன்று. அதை எடுத்தால் எப்படி இருக்கும் என்பதை மதிப்பீட்டாளர் ஊகித்துக்கொள்வார். வார்னிஷோடு சேர்த்து இதழின் மேல்பூச்சையும் வழித்து எடுத்திருந்தால் அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

செலவுக் கணக்கையும் பாருங்கள். இருநூறு டாலர் பெறும் படத்துக்கு எண்ணூறு டாலரில் வைத்தியம் செய்வது பாசத்தால் செய்யக்கூடிய காரியம். அதை முதலீடு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இணையத்தில் இதுபோன்ற படத்துக்கு 4,000 டாலர் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துக்கொள்ளலாமா?

கேட்கும் விலை ஆசை. விற்ற விலை மட்டுமே சான்று. அதே அளவு, அதே தரம், அதே வகைக் கையொப்பம் உடைய படங்கள் கடந்த சில ஆண்டுகளில் உண்மையில் எவ்வளவுக்கு விற்றன என்பதைத் தேடுங்கள். ஏல முடிவுகளைப் பார்க்கும்போது, அறிவிக்கும் தொகை சுத்தியல் விலையா (ஏலத்தில் சுத்தியல் தட்டி முடித்த விலையா), வாங்குபவர் கட்டணமும் சேர்ந்ததா என்று கவனியுங்கள். அந்தக் கட்டணம் பெரிய நிறுவனங்களில் கால் பங்கை ஒட்டி இருப்பது வழக்கம். விற்பவரிடமிருந்தும் தனியே ஒரு பங்கு கழியும். ஆகவே செய்தியில் 1,000 என்று வந்தால் விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் கணிசமாகக் குறைவு.

யாரிடம் மதிப்பீடு செய்வது?

ஒரு சோதனை எல்லா நாட்டுக்கும் பொருந்தும்: மதிப்பிடுபவருக்கு அந்த எண்ணில் ஆதாயம் இருக்கக் கூடாது. மதிப்பில் இத்தனை விழுக்காடு கட்டணம் என்று கேட்பவரைத் தவிர்க்கவும். அமெரிக்க மதிப்பீட்டாளர்களுக்கான பொதுத் தர விதிகள் அத்தகைய கட்டணத்தைத் தடைசெய்கின்றன. மணிக்கணக்கிலோ படக்கணக்கிலோ நிலையான கட்டணம் வாங்குபவரே சரி. “இது இருநூறுதான் பெறும், நானே எடுத்துக்கொள்கிறேன்” என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டுப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் விற்கும் நோக்கம் உள்ளவர்களுக்குப் படத்தின் ஒளிப்படத்தைப் பார்த்துக் கட்டணமின்றி உத்தேச விலை சொல்வதுண்டு. வரித்துறைக்குக் காட்ட அது போதாது.

வரி, சட்டச் சிக்கல் ஏதேனும் உண்டா?

அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்பைச் சொல்லி ஓவியத்தை நன்கொடையாகக் கொடுத்து வரிக்கழிவு கேட்டால், தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் எழுத்து மதிப்பீடு வேண்டும்; அது நன்கொடை நாளுக்கு 60 நாள்களுக்கு மேல் முந்தையதாக இருக்கக் கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த ஓவியம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. அதற்கு இளையதாயினும் பழமைத் தோற்றம் இருந்தால், அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறுவது நல்லது. விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இந்திய வருமான வரிச் சட்டத்தில் ஓவியம் சொந்த உபயோகப் பொருளாகக் கருதப்படுவதில்லை, மூலதனச் சொத்து. விற்று வரும் ஆதாயத்துக்கு வரி உண்டு.

ஒளிப்படம் அனுப்பும்போது எப்படி எடுக்க வேண்டும்?

ஃபிளாஷ் வேண்டாம், வார்னிஷ் பளிச்சிட்டு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டுமே மிஞ்சும். ஜன்னல் வெளிச்சத்தில், படத்துக்கு நேர் எதிரே நின்று முழுப் படம் ஒன்று, முழுப் பின்பக்கம் ஒன்று. கையொப்பம், ஒரு பூ, ஒரு இலை, கேன்வாஸ் மடியும் விளிம்பு, நான்கு மூலைகளில் ஏதேனும் ஒன்று ஆகியவை தனித்தனியே அருகில். பின்பு அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டிலிருந்து ஒரு கைவிளக்கைப் பிடித்து இன்னொன்று. மேடு பள்ளமும் பழைய ஒட்டும் அதில்தான் தெரியும். அளவைப் பிரேம் இல்லாமல், உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுங்கள். படத்தைப் பிரேமிலிருந்து கழற்ற ஆணியைப் பிடுங்க வேண்டியிருந்தால் கழற்ற வேண்டாம், உள்விளிம்புவரை தெரியும் அளவே போதும். அப்படி அளந்தது என்று மட்டும் குறிப்பிடுங்கள்.